புதிய வீணை வாங்கும்போது கண்ணை விடக் காதை நம்புங்கள்

ஓரளவு வாசிக்கப் பழகிய ஒருவர் தனக்கென்று முதல் வீணை வாங்கப் போகிறார். இதுவரை இரவல் வீணையில்தான் சாதகம். ஒரே கட்டையில் குடைந்த ஏகாந்த வீணையா, துண்டுகளை இணைத்த ஒட்டு வீணையா? கடையில் தயாராக இருப்பதை எடுப்பதா, சொல்லிச் செய்வதா? வாங்கும் இடத்தில் எதைச் சோதிப்பது? இவைதான் கேள்விகள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாசிக்கக் கஷ்டமான வீணை வாங்கிவிட்டால் பழி நம் விரல்மேல்தான் விழும். கருவியில் குறை இருக்கலாம் என்பதே தோன்றாமல் பல பேர் சாதகத்தை விட்டிருக்கிறார்கள்.

முதலில் பணத்தை எங்கே போடுவது என்று பார்ப்போம். வீணையின் விலையை ஏற்றுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வேலை: தலைப்பக்கத்து யாளி முகத்தின் செதுக்கல், குடம் என்னும் பெரிய உருண்டைப் பகுதியைச் சுற்றிய பூவேலை, பளபளக்கும் பாலிஷ், வெள்ளை வெள்ளையாகப் பதித்த பட்டைகள். நாதத்தைத் தீர்மானிப்பவை வேறு மூன்று. மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, தந்திகளைத் தாங்கும் குதிரை எப்படி அமர்ந்திருக்கிறது, மேளம், அதாவது ஸ்வரங்களுக்கான மெட்டுகளை மெழுகில் பதிக்கும் அமைப்பு, எவ்வளவு சுத்தமாகக் கட்டப்பட்டிருக்கிறது. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் செதுக்கலைக் குறைத்து இந்த மூன்றுக்கும் செலவழியுங்கள். சாதாரண யாளி முகமும் நல்ல மேளமும் உள்ள வீணைதான் பத்து வருடம் கழித்தும் மடியில் இருக்கும்.

மரத்திலிருந்து தொடங்கலாம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு வீணை எந்த ஊர் மரபில் செய்யப்பட்டது என்பதற்குத்தான் சான்று. உங்கள் முன்னால் இருக்கும் குறிப்பிட்ட வீணை நன்றாக ஒலிக்கும் என்பதற்கு அல்ல. பலாவில் பார்க்க வேண்டியது காய்ச்சல், அதாவது மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது. ஈரம் போகாத மரத்தில் செய்த வீணை கடையில் நன்றாகவே ஒலிக்கும். ஆறு மாதத்தில் மரம் சுருங்கத் தொடங்கும். கழுத்துப் பகுதியான தண்டி நூலிழை வளைந்தாலும் மெட்டுகளின் உயரம் மாறும், ஒட்டுகளில் கோடு விழும், தந்தியை முறுக்கும் பிரடையின் துளை தளரும். அப்புறம் எத்தனை முறை மேளம் கட்டினாலும் நிற்காது.

நிறத்தை வைத்துக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடியாது. புதுப் பலா மஞ்சளாக இருக்கும், வருடங்கள் போகப் போகப் பழுப்பேறும் என்பது உண்மைதான்; ஆனால் இப்போது சாயமும் பாலிஷும் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடுகின்றன. அதனால் செய்பவரிடம் நேராகவே கேளுங்கள்: இந்த மரம் எப்போது அறுத்தது, குடைந்த பிறகு எவ்வளவு நாள் கிடந்தது? குடைவதற்கு முன் கட்டையாகக் கிடந்த காலத்தை விட, குடைந்து சுவர் மெலிந்த பிறகு நிழலில் கிடந்த காலம்தான் முக்கியம். பிறகு உங்கள் கண்ணால் குடமும் மேற்பலகையும் சேரும் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். பாலிஷில் முடி கனத்தில் ஒரு விரிசல் ஓடினாலும் அது மரம் அசைவதன் அடையாளம். பாலிஷ் போட்டு ஒரு வாரமே ஆன வீணையில் இது தெரியாது. தொழிற்கூடத்தில் சில மாதம் நின்ற வீணை கிடைத்தால் அதை 'பழசு' என்று ஒதுக்காதீர்கள். அது தன் அசைவுகளை அங்கேயே முடித்துக்கொண்டிருக்கும்.

ஏகாந்த வீணை என்பது குடம், தண்டி, யாளிப் பகுதி எல்லாம் ஒரே கட்டையிலிருந்து குடைந்தெடுத்தது. ஒட்டு வீணையில் இவை தனித்தனியாகச் செய்யப்பட்டு இணைக்கப்படும். ஏகாந்தத்தில் கழுத்தில் இணைப்பு இல்லாததால் தந்தியின் அதிர்வு தடையில்லாமல் ஓடும், கார்வை (நாதம் நீடித்து நிற்பது) கூடும் என்பது பொதுக் கருத்து. நல்ல ஏகாந்த வீணையைக் கேட்டவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அவ்வளவு பெரிய கட்டை முழுக்கக் காய நாளாகும். அவசரத்தில் செய்த ஏகாந்தத்தை விட, நன்கு காய்ந்த மரத்தில் இறுக்கமாக ஒட்டிய வீணை எல்லா வகையிலும் மேல். முதல் வீணைக்கு ஒட்டு வீணை போதும் என்பது என் கருத்து. ஏகாந்தம் என்று சொல்லி விற்றால், வீணையைக் கவிழ்த்துக் குடத்திலிருந்து தண்டிக்கு மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தை அலங்காரப் பட்டை முழுக்க மூடியிருந்தால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை. ஒரு விஷயம்: ஏகாந்த வீணையிலும் குடத்தின் மேற்பலகையும் தண்டியின் மேல்மூடியும் தனித் துண்டுகள்தாம். உள்ளே குடைய வேண்டுமல்லவா? அங்கே இணைப்பு தெரிந்தால் பதற வேண்டாம்.

குடத்தை விரல் கணுவால் மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஒலி ஓரளவு சீராக மாறிக்கொண்டு போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் 'டொக்' என்று மட்டையாகக் கேட்டால் அங்கே சுவர் தடிப்பாக விடப்பட்டிருக்கலாம், அல்லது உள்ளே ஒட்டுப் போட்டிருக்கலாம். மேற்பலகையில் குதிரைக்கு முன்னும் பின்னும் ஒரு ஸ்கேலைக் கிடத்திப் பாருங்கள். பலகை மட்டமாகவோ லேசாக மேல்நோக்கிக் குவிந்தோ இருக்கலாம். ஏழு தந்தியின் அழுத்தமும் குதிரை வழியாக அந்தப் பலகையில்தான் இறங்குகிறது. புதிய வீணையிலேயே அது குழிந்திருந்தால் மேலும் குழியும்.

தண்டி நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, யாளிப் பக்கம் கண்ணை வைத்து மெட்டுகளின் தலைகள் மேல் பார்வையை ஓட்டுங்கள். எல்லாத் தலைகளும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒரு மெட்டு மட்டும் ஏறியிருந்தால் அது மெழுகில் சரிசெய்யக்கூடியது. வரிசையே வில் போல வளைந்தோ முறுக்கிக்கொண்டோ இருந்தால் அந்த வீணை வேண்டாம். தண்டி முறுக்கலை யாராலும் முழுதாகத் திருத்த முடியாது.

இனி மேளம். புது வீணை வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காத, ஆனால் வாசிப்பில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் பகுதி இதுதான். தண்டியின் இரு ஓரத்திலும் தேன்மெழுகையும் கரித்தூளையும் சேர்த்துக் காய்ச்சிய கரிய மெழுகுச் சட்டம் ஓடும். அதன்மேல் 24 மெட்டுகள், ஒரு ஸ்தாயிக்கு (ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரை) 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு, பதிக்கப்பட்டிருக்கும். 24 மெட்டு அமைப்பு 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்வது வழக்கம். மெழுகைச் சூடாக்கினால் மெட்டு நகரும், ஆறினால் நிற்கும். அதனால் ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, மயிரிழை நகர்த்தி, சரியான சுருதியில் நிறுத்துகிறார்கள். மெட்டின் இடத்தோடு அதன் உயரத்தையும் அதே மெழுகில்தான் அமைக்க வேண்டும். மேளம் கட்டுவது மரவேலையிலிருந்து வேறான தொழில். அருமையாகக் குடம் குடைபவர் மேளம் சுமாராகக் கட்டலாம். யார் மேளம் கட்டினார் என்று தனியாக விசாரியுங்கள்.

சோதனைக்கு உட்காரும்போது முதலில் ஒரு பாய் அல்லது துணி விரிக்கச் சொல்லுங்கள். வழவழ டைல்ஸ் தரையில் குடத்தை வைத்தால் அறையே சேர்ந்து ஒலிக்கும். எல்லா வீணையும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். தம்புரா ஆப் ஒன்றை ஓடவிட்டுச் சுருதி சேருங்கள். வாசிக்கும் நான்கு தந்திகளில் முதலாவதான சாரணி ஷட்ஜம், அடுத்தது அதற்குக் கீழுள்ள பஞ்சமம், மந்தரம் அதற்கும் கீழே ஷட்ஜம், அனுமந்தரம் இன்னும் கீழே பஞ்சமம். பக்கத்துத் தாளத் தந்திகள் மூன்றும் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம்.

சுருதி சேர்ந்ததும் சாரணியில் 12ஆம் மெட்டு. அங்கே விரலை அழுத்தாமல் தந்தியைத் தொட்டுக்கொண்டு மட்டும் மீட்டி, உடனே விரலை எடுத்தால் மணி போல மேல் ஷட்ஜம் கேட்கும். பிறகு அதே மெட்டில் வழக்கம்போல விரல் வைத்து மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மெட்டில் வைத்து வாசிப்பது கூடியோ குறைந்தோ கேட்டால், குறை மெட்டிலா குதிரையிலா என்று அடுத்து பார்க்க வேண்டும். அதற்கு 5, 7, 12, 19, 24 ஆகிய மெட்டுகளை, அதாவது மத்யமம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், மேல் பஞ்சமம், கடைசி ஷட்ஜம் ஆகியவற்றை, ஒன்றன்பின் ஒன்றாகத் தம்புராவோடு சேர்த்துப் பாருங்கள். மேலே போகப் போகக் குறைச்சல் படிப்படியாக அதிகமானால் குதிரை மெட்டுகளை விட்டுத் தள்ளி நிற்கிறது. படிப்படியாகக் கூடிக்கொண்டே போனால் குதிரை நெருங்கி நிற்கிறது. ஒரே ஒரு மெட்டு மட்டும் அபஸ்வரமாக இருந்தால் அந்த மெட்டுதான் நகர்ந்திருக்கிறது. குதிரை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் கீழ் ஸ்தாயியில் தெரியவே தெரியாது. 20க்கு மேல் உள்ள மெட்டுகளில் காதைக் குத்தும். கடைகளில் நாம் வழக்கமாகக் கீழ் ஸ்தாயியிலேயே நாலு பிடி வாசித்துவிட்டுத் திருப்தியாகிவிடுவதால்தான் இந்தக் குறை வீட்டுக்கு வந்த பிறகு தெரிகிறது.

அடுத்து நான்கு தந்திகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். பஞ்சமத் தந்தியின் 5ஆம் மெட்டும், மெட்டில் விரல் வைக்காத வெறும் சாரணியும் ஒரே ஷட்ஜம். மந்தரத்தின் 7ஆம் மெட்டும் வெறும் பஞ்சமத் தந்தியும் ஒன்று. மந்தரத்தின் 12ஆம் மெட்டு மறுபடியும் வெறும் சாரணி. அனுமந்தரத்தின் 5ஆம் மெட்டு வெறும் மந்தரம். இந்த நான்கும் சேர்ந்துவிட்டால் மேளம் கட்டியவர் சாரணியோடு நிறுத்தாமல் எல்லாத் தந்திக்கும் காது கொடுத்திருக்கிறார் என்று நம்பலாம். கனத்த தந்திகளில் மிக மெல்லிய வித்தியாசம் இருக்கலாம். ஒரே மெட்டு நான்கு வெவ்வேறு கனமுள்ள தந்திக்கும் பொதுவாக இருப்பதால் அது தவிர்க்க முடியாதது.

ட்யூனர் ஆப் வைத்து ஒவ்வொரு மெட்டாகச் சரிபார்க்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. ஷட்ஜம், பஞ்சமத்துக்கு அது உதவும். அந்தர காந்தார மெட்டில் ஆப் பத்துப் பதினைந்து சென்ட் (அடுத்தடுத்த இரு மெட்டுகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவாகக் காட்டினால் மேளத்தில் குறை என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆப் ஸ்தாயியைச் சரிசமமான 12 பாகமாக வைத்துக் கணக்கிடுகிறது. தம்புராவோடு இழையும் இயற்கையான காந்தாரம் அந்தக் கணக்கை விட ஏறக்குறைய 14 சென்ட் கீழே இருக்கும். மேளம் கட்டியவர் காது தம்புராவைக் கேட்டிருக்கிறது என்றே அதற்குப் பொருள். ஆப்பும் தம்புராவும் வேறுபடும்போது தம்புரா சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கமகச் சோதனை, அதாவது தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைத்துப் பார்ப்பது, இல்லாமல் வீணையை எடுத்துவிடக் கூடாது. சாரணியில் 4ஆம் மெட்டில், அந்தர காந்தாரத்தில் விரலை வைத்து, மீட்டி, பஞ்சமம் வரை இழுங்கள். மெதுவாக, நாதம் அறாமல். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். இழுக்கும் வழியில் தந்தி எங்காவது சிக்கித் தாவுகிறதா? தாவினால் மெட்டின் முகத்தில் அரம் போட்ட கோடு இருக்கிறது, மெருகேற்றச் சொல்லலாம். உச்சியில் நாதம் அடங்கிப்போகிறதா? அப்படியானால் இழுக்கும் பக்கத்தில் மெட்டு சரிந்திருக்கிறது, அல்லது அடுத்த மெட்டின் அந்தப் பக்கம் ஏறியிருந்து தந்தி அதில் இடிக்கிறது. விட்டதும் காந்தாரத்துக்கே திரும்புகிறதா? பத்துப் பன்னிரண்டு முறை இப்படி இழுத்துவிட்டு வெறும் சாரணியை மீட்டிப் பாருங்கள். ஷட்ஜம் இறங்கியிருந்தால் தந்தி புதிது என்பதால் இருக்கலாம். மறுபடி சுருதி சேர்த்து இன்னும் பத்து முறை இழுங்கள். மீண்டும் அதே அளவு இறங்கினால் பிரடை நழுவுகிறது. இதே இழுப்பை 9, 11, 14, 16ஆம் மெட்டுகளிலும் செய்யுங்கள். மேல் ஸ்தாயியில் மெட்டுகள் நெருங்கிவிடுவதால் அங்கே மெட்டின் உயரம் கொஞ்சம் பிசகினாலும் கமகம் வராது.

கார்வைக்கு ஒவ்வொரு மெட்டையும் ஒரே பலத்தில் மீட்டி, நாதம் மறையும்வரை காத்திருந்து கேளுங்கள். 24 மெட்டுக்கும் பொறுமை வேண்டும். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. கார்வை மேலே போகப் போகக் குறைவது இயல்பு. நடுவில் ஒரு மெட்டு மட்டும் பட்டென்று அடங்கினால், அந்த மெட்டு மெழுகில் சரியாகப் பதியவில்லை. கீழே வெற்றிடம் இருக்கிறது. விரல் நகத்தால் மெட்டைத் தட்டினாலும் பக்கத்து மெட்டுகளிலிருந்து வேறு ஒலி வரும். வெறும் மந்தரத் தந்தி நிதான காலத்தில் ஓர் ஆதி தாள ஆவர்த்தனத்துக்காவது காதில் நிற்க வேண்டும். கூடவே ஒருவரை அழைத்துப் போய்ப் பத்தடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். மடியில் வைத்திருப்பவருக்கும் எதிரே இருப்பவருக்கும் வீணை ஒரே மாதிரி கேட்பதில்லை. உங்கள் ஆசிரியர் வர முடிந்தால் அவரையே வாசிக்கச் சொல்லி நீங்கள் தள்ளி உட்காருங்கள்.

கரகரப்பு வந்தால் உடனே வீணையை ஒதுக்க வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். ஒரு மெட்டில் மட்டும் என்றால் அது தாழ்ந்திருக்கிறது அல்லது குதிரைப் பக்கமுள்ள அடுத்த மெட்டு உயர்ந்திருக்கிறது. ஒரு சிறு ஸ்கேலை மூன்று மெட்டுகளின் மேல் கிடத்தினால் நடு மெட்டு உயர்ந்திருந்தால் ஸ்கேல் ஆடும். வெறும் தந்தியில் மட்டும் கரகரத்தால் யாளிப் பக்கம் தந்திகளைத் தாங்கும் மேருவில் காடி (தந்தி அமரும் பள்ளம்) ஆழமாகிவிட்டது. எல்லா மெட்டிலும் ஒரே தந்தி கரகரத்தால் குதிரையின் உலோகத் தகட்டைப் பாருங்கள். தகடு மிக லேசாகக் குவிந்து, மேடு பள்ளம் இல்லாமல், தந்தி ஒரு விளிம்பிலிருந்து சுத்தமாகக் கிளம்பும்படி இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் தந்தி தகட்டின் மேலேயே துடித்துத் தம்புரா போல இரையும். ஏதோ ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் உடம்பில் எங்கோ 'ஜிர்' என்று கேட்டால் அது பெரும்பாலும் அலங்காரப் பட்டை, யாளிப் பக்கத்துச் சிறு பெட்டியின் மூடி, அல்லது தண்டியைத் தாங்கும் சுரைக்காயின் திருகு. வாசித்துக்கொண்டே இன்னொருவரை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தச் சொன்னால் எது என்று பிடிபட்டுவிடும்.

தாளத் தந்திகளை யாரும் சரியாகச் சோதிப்பதில்லை. பக்கக் குதிரையின் வளைவான தகட்டில் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல், சுண்டு விரலுக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே வீச்சில் மீட்டும்போது ஒன்று மட்டும் உரக்கக் கேட்டால் உயரம் சீராக இல்லை. மேல் நான்கு பிரடைகளை விட, தண்டியின் பக்கவாட்டிலுள்ள இந்த மூன்று சிறு பிரடைகள்தான் அதிகம் நழுவும்; திருகி விட்டு அரை மணி கழித்துப் பாருங்கள்.

பிரடை திருகும்போது வழுவழுவென்று சுற்றி, கையை எடுத்ததும் அங்கேயே நிற்க வேண்டும். அடைமழையில் மரம் ஊறி இறுகுவதும் கோடையில் தளர்வதும் எல்லா வீணைக்கும் உண்டு. நழுவினால் பிரடையில் சாக்பீஸ் தூள், இறுகினால் உலர்ந்த சோப்பைத் தொட்டும் தொடாமலும். இதற்கு மேல் எண்ணெய் எதுவும் வேண்டாம். தந்திகள் குடத்தின் ஓரத்தில் கட்டப்படும் நாகபாசத்தில் சேரும் இடத்தில் லங்கர் வளையங்கள் இருக்கின்றன. அவை விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நகரக் கூடாது. நுட்பமான சுருதி எல்லாம் அங்கேதான் சேர்க்கப் போகிறீர்கள்.

உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது தனிக் கேள்வி. சம்மணமிட்டு, குடம் வலப்பக்கம் தரையில், சுரைக்காய் இடது தொடையில். இடது கை முதல் மெட்டுக்குப் போகும்போது தோள் தூக்கினால் தண்டி உங்களுக்கு நீளம். சற்றுச் சிறிய அளவிலும் வீணை செய்கிறார்கள், கேட்டு வாங்கலாம். சுரைக்காய் இயற்கைச் சுரையா, காகிதக் கூழா, ஃபைபரா என்பதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். அது நாதத்துக்குச் சேர்ப்பது கொஞ்சம்தான். முக்கிய வேலை தண்டியைத் தாங்குவது. உயரம் சரியாக இருந்து, திருகு மரை தேயாமல் இருந்தால் போதும். முட்டி வலி உள்ளவர்கள் ஸ்டாண்டில் வைத்து நாற்காலியில் அமர்ந்து வாசிப்பதில் எந்தக் குறையும் இல்லை. அப்படியானால் அதே உயரத்தில் வைத்தே சோதித்து வாங்குங்கள்.

தயாராக இருப்பதா, சொல்லிச் செய்வதா? நான்கைந்து வீணைகளை வரிசையாக வாசித்துத் தேர்ந்தெடுக்க வழியிருந்தால் தயாராக இருப்பதையே எடுங்கள். காது ஒப்பிட்டுத்தான் தேர்வு செய்யும். சொல்லிச் செய்வது மூன்று நிலைகளில் நியாயம்: அளவு வேறு வேண்டும், சுருதி வேறு வேண்டும், அல்லது செய்பவரின் கை உங்களுக்கு முன்பே தெரியும். சொல்லும்போது சுருதியை முதலில் சொல்லுங்கள். வீணை பெரும்பாலும் மூன்று கட்டைச் சுருதியை (E) ஒட்டி இருக்கும். கூடவே பாடுபவர்கள் தங்கள் குரலுக்கு ஏற்பக் கேட்பார்கள். தந்திகளின் கனம் அந்தச் சுருதிக்குத்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதே தந்தியை ஒரு கட்டை ஏற்றினால் இழுக்க விரல் நோகும். ஒரு கட்டை இறக்கினால் தந்தி தொய்ந்து மெட்டில் இடிக்கும், கமகம் இலக்கைத் தாண்டிப் போகும். மேளமும் அந்த இறுக்கத்தில் கட்டப்பட்டது என்பதால் அதுவும் பிசகும். ஏழு தந்தியின் கேஜ் (கனம்) எண்களையும் செய்பவரிடமே எழுதி வாங்கி வீணைப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். பிற்பாடு வேறு கனத்தில் தந்தி மாற்றிவிட்டு மேளம் கெட்டுவிட்டது என்று அலைபவர்கள் நிறைய.

வெள்ளைப் பதிப்பு வேலை பிளாஸ்டிக் என்பதற்காக வருத்தப்பட வேண்டாம். பழைய வீணைகளில் தந்தமும் மான் கொம்பும் பதித்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்துக்குத் தடை போட்டுவிட்டன. யாராவது 'அசல் தந்த வேலை' என்று விலை கூட்டினால் அந்தப் பேச்சையே வளர்க்க வேண்டாம்.

மைக் பொருத்தி வாங்குவதாக இருந்தால் ஒரு நுட்பம். காந்த பிக்கப், எஃகுத் தந்தியைத்தான் சரியாகப் பிடிக்கும். உங்கள் மந்தரமும் அனுமந்தரமும் பித்தளைத் தந்தியாக இருந்தால் அவை ஒலிபெருக்கியில் காணாமல் போகும். மேற்பலகையில் ஒட்டும் கான்டாக்ட் மைக் எல்லாவற்றையும் பிடிக்கும். கூடவே கை உரசலையும் பிடிக்கும். வீட்டுச் சாதகத்துக்கு இரண்டுமே தேவையில்லை. அந்தப் பணத்தில் உறுதியான ஃபைபர் பெட்டி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வெயிலிலிருந்து காப்பாற்றுவதுதான் முதல் வேலை. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் வீணையை ஒரு மணி நேரம் விட்டால் மேளம் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். இளகிய மெழுகில் மெட்டுகள் இறங்கிவிடும். ஜன்னலோர வெயில், குளிரூட்டியின் நேர்க்காற்று இரண்டும் ஆகாது. தூக்கும்போது ஒரு கை குடத்தின் அடியில், ஒரு கை தண்டியில். சுரைக்காயைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

பெரும்பாலான வீணைகளில் குதிரை, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதனால் எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதி ஏற்றிய பிறகு அடுத்தது. வாங்கிய அன்றே குதிரையின் கால்கள் நிற்கும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வையுங்கள். பின்னால் நகர்ந்ததா என்று ஒரு பார்வையில் தெரியும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளை அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்தால் துரு தள்ளிப்போகும். இடது விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு வாசிப்பவர்கள் ஒரு துளிக்கு மேல் போக வேண்டாம். வழியும் எண்ணெயில் தூசி படிந்து மெழுகோரம் அழுக்கேறும்.

புது வீணையின் முதல் மேளம் நெடுநாள் நிற்காது. அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். மரமும் மெழுகும் உங்கள் வீட்டுத் தட்பவெப்பத்துக்குப் பழக ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வேண்டும். அதற்குள் சில மெட்டுகள் நகரும். ஒரு வருடத்தையொட்டி மறுமேளம் கட்டத் தேவைப்படலாம். பிறகு எவ்வளவு வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை. முதல் மறுமேளம் விலையில் சேர்த்தியா, அதற்கு வீணையைக் கொண்டுவர வேண்டுமா, அவர் வீட்டுக்கு வருவாரா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். மேளம் கட்டக் கொடுக்கும்போது எந்தெந்த மெட்டில் என்ன குறை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: '16ஆம் மெட்டு கூடுதல், 9ஆம் மெட்டில் இழுத்தால் அடங்குகிறது' என்கிற மாதிரி. சாரணிக்குக் கீழே மெட்டுகளில் குழி விழுந்திருந்தால் அதையும் அப்போதே அரம் போட்டு மெருகேற்றச் சொல்லுங்கள். மெட்டை மெழுகில் பதித்து முடித்த பிறகு அந்த வேலை செய்தால் உயரம் மறுபடி மாறிவிடும்.